பெயர் வராத முகங்கள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்திற்கு இருவகை மக்கள் வருவர். அருவியில் குளிக்க வருவோர் ஒரு வகை. அருவியைப் படம் பிடிக்க வருவோர் மற்றொரு வகை. தென்காசிச் சீமையின் பச்சை வயல்களும், பின்னே மதில் எழுப்பியதுபோல் நிற்கும் மேற்கு மலையும், பழைய ஓட்டு வீட்டுத் தெருக்களும் திரைப்படத் துறையினரை நெடுநாளாக இழுத்து வருகின்றன. 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் கதாநாயகிக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். 2005-இல் வந்த 'அந்நியன்' படத்தின் ஒரு பாடலுக்காக அவ்வூர்ப் பக்கத்துப் பாறைக்கு வண்ணம் தீட்டினார்கள். அந்த இடத்தை மக்கள் 'அந்நியன் பாறை' என்றே அழைக்கிறார்கள். பாறைக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது! ஆனால் எந்தப் படத்தையேனும் நினைத்துப் பாருங்கள். அதில் கூட்டமாக நின்ற மனிதருள் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா?

கோடம்பாக்கத்தில் இவர்களை முன்பு 'எக்ஸ்ட்ரா' என்றே அழைத்தனர். தேவைக்கு மேல் மிஞ்சியவர் என்பதுபோல் ஒலிக்கும் அச்சொல் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. 'துணை நடிகர்' என்பது பின்னர் வந்த பெயர், அதுவே தகுதியானது. ஏனெனில் அவர்கள் செய்வதும் ஒரு தொழில்தான். விடியுமுன் வந்து சேர வேண்டும். சந்தைக் காட்சியென்றால் விலை பேசுவதுபோல் வாயசைக்க வேண்டும். குரல் எழும்பலாகாது, எழும்பினால் நாயகனின் வசனம் கெட்டுவிடும். சந்தையின் இரைச்சலைப் பின்னர்த் தனியே சேர்த்துக்கொள்வார்கள். தப்பித் தவறியும் காமிராவை நோக்கிவிடக் கூடாது. காட்சி நாளையும் தொடருமாயின், இன்று உடுத்திய அதே சேலையுடன், இன்று நின்ற அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். வெயிலில் ஐந்து மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் நடப்பதும் உண்டு. சும்மா நிற்பதற்கா கூலி என்று கேட்போர் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

விண்வெளிக் கதைகளில் இவர்கள் பாடு இன்னும் வேடிக்கையானது. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவருடன் சேர்ந்து 'காடு' என்னும் படத்தை எடுத்தது. உலகத்திலிருந்து மறைந்துபோன மாமூத் என்ற சடை யானைகள் அதில் வரவேண்டும். என் செய்தனர் தெரியுமா? நம் நாட்டு யானைகளுக்கே சடை மயிரைப் போர்த்தி நடக்க விட்டனர்! அந்த யானைகளின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. அப்படத்தில் நடித்த எம். என். நம்பியார் 1963-இல் 'கலை அரசி' படத்தில் வேற்றுலகத்தவராகவே வந்தார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தில், பாடகியைப் பறக்கும் தட்டில் வேறொரு கோளுக்குக் கடத்திச் செல்கிறார்கள். நடித்த மூவரும் நம் நினைவில் இருக்கின்றனர். ஆனால் வேறு உலகம் என்று அரங்கம் அமைத்துவிட்டால் அதில் நடமாடவும் ஆட்கள் வேண்டுமே! அந்த ஆட்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தனரோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர் ஒளிபரப்பாயிற்று. 1980-களில் நம் தூர்தர்ஷனும் அதைக் காட்டியதால் வாசகருள் சிலர் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 79 பகுதிகள். அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றில் எட்டி பாஸ்கி என்பவர் தோன்றுகிறார். விண்கலத்தில் ஏதேனும் ஒரு விசையருகே நிற்பார். கதவருகே காவல் காப்பார். காட்சிக்கு விளக்குகளைப் பொருத்தும்போது நாயகனுக்குப் பதிலாக நின்றும் கொடுப்பார். லெஸ்லி என்பது கதையில் அவருக்கு வாய்த்த பெயர். பெரும்பாலான பகுதிகளில் நடிகர் பட்டியலில் அவர் சொந்தப் பெயர் இடம்பெறவில்லை. அத்தொடரில் சிவப்புச் சட்டை அணிந்த சிப்பந்திகள் புதிய கோளில் கால் வைத்ததும் மாண்டுபோவது வழக்கமாகி, இரசிகர்களிடையே அது ஒரு நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது. லெஸ்லியும் ஒரு பகுதியில் கொடிய மேகம் ஒன்றால் தாக்குண்டு மாண்டார். பின்வரும் பகுதிகளிலோ, ஒன்றும் நடவாததுபோல் உயிருடன் பணிக்கு வந்து நின்றார்! முதலில் சிரித்தேன், பின்பு சிரிப்பு வரவில்லை. ஒருவன் இறந்ததையே மறந்துவிடும் அளவுக்கு அவன் முகம் அங்கே கணக்கில் இல்லாதிருந்தது.

ஆனால் பல்லாண்டு கழிந்தபின் அத்தொடரின் இரசிகர்கள் ஒரு காரியம் செய்தனர். ஒவ்வொரு பகுதியாகத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஓரத்தில் நின்ற முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்னார் இன்ன பகுதியில் தோன்றினார் என்று பட்டியல் எழுதினர். வேலையற்ற வேலை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நற்செய்தியில் பெயரில்லாதோர் எத்தனை பேர்! கானாவூர்த் திருமணத்தில் கல்தொட்டிகளில் நீர் நிரப்பிய பணியாளருக்குப் பெயரில்லை. எனினும் அந்த இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியாதபோது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் குறிக்கத் தவறவில்லை. ஐந்து வாற்கோதுமை அப்பம் வைத்திருந்த சிறுவனுக்கும் பெயரில்லை. மாறாக, கூட்டத்திலிருந்து பிடித்திழுக்கப்பட்டுச் சிலுவை சுமந்த சிரேன் ஊர் சீமோனுக்கு மாற்கு பெயர் சொல்வதோடு நில்லாமல், அவர் மக்களாகிய அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் பெயரையும் சேர்த்து எழுதுகிறார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தை நாம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். பவுலடியார் அங்கே இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவராகிய தெர்த்தியுவும் இடையில் புகுந்து, எழுதியவன் நானே என்று தம் வாழ்த்தையும் சேர்த்துவிடுகிறார். பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை.

குற்றாலத்திற்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருக்கிறார். திருவிழாக் காட்சி ஒன்று எடுக்கப் போகிறார்களாம். பிள்ளைகளோடு குடும்பங்கள் தேவையென்று ஏஜெண்டு ஒருவர் வந்து கேட்டாராம். ஒன்பது வயது மகனை அனுப்பினால் பாவமா என்று மாமியார் கலங்குகிறார். ஒருநாள் கூலி போகிறதே என்று கணவர் வருந்துகிறார். சகோதரி, திருவிழாக் கூட்டத்தில் ஒருவராக நிற்பதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டறிவது உங்கள் கடமை.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி 14 வயது நிறையாத பிள்ளையைப் படத்தில் ஈடுபடுத்தப் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டபடியால் இதற்காக எவரும் நெல்லைக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு நாளில் 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்திற்கு மேல் ஆகாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளை ஈட்டும் தொகையில் 20 விழுக்காட்டிற்குக் குறையாமல், தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் அவன் பெயரிலேயே நிலை வைப்பாகப் போட வேண்டும். அவன் படிப்புக்கு ஊறு வரலாகாது. கூலி எவ்வளவு, அதில் ஏஜெண்டு எடுத்துக்கொள்வது எவ்வளவு என்பதை முன்னதாகவே கேளுங்கள். கேட்டால் கோபிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். அருவிக்கரையில் காட்சி என்றால் நீங்களும் உடன் நில்லுங்கள். சாரல் காலத்தில் நீர்வரத்து நொடியில் மாறும் என்பது நம் ஊராருக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருவோருக்குத் தெரியாது.

ஆட்சியரிடம் கொடுக்கும் விண்ணப்பத்தோடு, பங்கேற்கும் பிள்ளைகளின் பட்டியலும் பெற்றோரின் இசைவும் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மகன் பெயர் அதில் எழுத்துப் பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே வண்டியில் ஏற்றுங்கள்.