தெர்மகோல் விஞ்ஞானம்

பிப்ரவரி வந்தால் போதும், திருச்சி தெப்பக்குளம் கடைகளில் தெர்மகோலும் பசையும் வாங்க அப்பா அம்மாக்கள் அலைகிறார்கள். 28-ம் தேதி தேசிய அறிவியல் தினம், பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. மாடல் செய்வது அப்பா. விளக்கத்தை மனப்பாடம் செய்வது பிள்ளை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கிறது. இதற்குப் பெயர் அறிவியலா?

1888-ல் நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்ட நாள் அது. வருஷம் 1928. முதலில் அவர்கள் வைத்திருந்தது சூரிய வெளிச்சமும் கலர் கண்ணாடிகளும். பார்த்தது வெறும் கண்ணால். அவர் பிறந்த ஊரில் நாம் தெர்மகோலுக்குப் பெயின்ட் அடிக்கிறோம்!

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது. வாத்தியார் விடை சொல்லமாட்டார். என்ன பார்த்தாய், அதை முதலில் சொல் என்பார்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டு, ஒரு பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். எதிர்ப்பக்கம் போய் டம்ளர் வழியாகப் பார்த்தால் மஞ்சள். பாலைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினால் செம்மை ஏறும். பாலின் நுண்துளிகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன, மிச்சம் நேரே வருகிறது. ஆனால் இதைச் சொல்ல அவசரப்படாதீர்கள். மறுநாள் சாயங்காலம் காவிரிப் பாலத்தில் நிறுத்தி, சிவக்கிற வானத்தைக் காட்டுங்கள். பிள்ளையே கேட்கும்.

ராமனும் அப்படிக் கேட்டவர்தான். 1921-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை இழுத்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்றுதான் அன்று பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். கையோடு இருந்த சின்னப் பிரிசம் ஒன்றால் அந்தப் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் கூடியது!

இதற்கெல்லாம் மார்க் உண்டா என்கிறார்கள். கிடையாது. தெர்மகோலுக்கு உண்டு.

26.12.2019 காலை கங்கண சூரிய கிரகணம். வளையப் பாதையில் திருச்சியும் இருந்தது. சூரியனை நேரே பார்க்கக்கூடாது, சரி. மரத்தடியில் தரையைப் பார்க்கலாமே? ஒவ்வொரு இலை இடுக்கும் ஓர் ஊசித்துளைக் காமிரா. நிழலுக்குள் குட்டிக் குட்டி வளையங்களாக விழும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலோ கதவைச் சாத்திப் பிள்ளைகளுக்கு டிவியில் காட்டினார்கள். அடுத்தது 21.5.2031-ல் தமிழ்நாட்டின் தெற்கே போகிறது. அன்றைக்காவது கதவைத் திறந்து வையுங்கள்.