வழி கண்டவரா, வழி கேட்டு வந்தவரா?

‘இந்தியாவிற்குக் கடல்வழி கண்டவர் யார்?’ என்னும் வினாவிற்கு ‘வாஸ்கோடகாமா’ என விடையெழுதி மதிப்பெண் பெறாத மாணவர் நம்மிடையே அரியர். 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவைக் ‘கண்டுபிடித்தார்’ என்பதும் இவ்வகைப்பட்டதே. மக்கள் வாழ்ந்த நிலத்தையும் கலங்கள் ஓடிய கடலையும் ஒருவர் புதிதாகக் கண்டார் என்றல் பொருந்துமா?

1498 மே திங்களில் காமாவின் கலங்கள் கள்ளிக்கோட்டையை அடைந்தன. அவர் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டோர், ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த தூனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவர். உடன் வந்தவர் எழுதிய நாட்குறிப்பே இதனைக் கூறுகிறது. ஐரோப்பிய மொழி முன்பே வந்து சேர்ந்திருந்த துறைமுகம் அது!

ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து அவரை அழைத்து வந்தவரும் இக்கடலை நன்கறிந்த மாலுமியே. அம்மாலுமி, அரபுக் கடலியல் மேதை இப்னு மாஜித் என நம் மேடைகளில் பெருமிதத்தோடு முழங்குவர். ஆயின், போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றே குறிக்கிறார். இப்னு மாஜித் அவரல்லர் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் முடிபு. பிறர் புனைவை மறுக்கும் நாம், நமக்கு இனிக்கும் புனைவையும் விலக்குதல் வேண்டும். உண்மைக்கு இரு தராசுகள் இல்லை.

1502இல் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து பயணிகளுடன் திரும்பிய கப்பலொன்றைச் சிறைப்பிடித்தார். பெரும்பொருள் தர முன்வந்தும் இரங்காது, பெண்டிர், குழந்தைகள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோருடன் அதனை எரித்தழித்தார். அவர்தம் படையிலிருந்த தோமே லோப்பஸ் என்பாரே இதனைப் பதிவு செய்துள்ளார். பின்னர்க் கள்ளிக்கோட்டையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றுமாறு சாமூத்திரி மன்னரை வற்புறுத்தினார். மன்னர் இணங்காமையால் நகர்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தார்.

தோல் பதனிட்டுக் கடல் கடந்து விற்கும் ஆம்பூர், வாணியம்பாடி வட்டார மக்களுக்கு வணிக அறத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சரக்கின் தரம் காட்டி, விலை பேசி விற்பதே வணிகம். போட்டியாளரை ஊரைவிட்டு விரட்டுமாறு கேட்பது வணிகமன்று.

போர்த்துக்கீசியரின் கொடுமைகளை 16ஆம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் எழுதிவைத்தவர் பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். அவரது ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ வெறும் குற்றப்பட்டியல் அன்று. முஸ்லிம்களை அரவணைத்த சாமூத்திரி முதலான இந்து மன்னர்களின் நேர்மையையும் நன்றியோடு போற்றுகிறது. பகையை எழுதும்போதும் நட்பை மறவாத அந்நடுவுநிலையே நமக்கு வழிகாட்டி.

காமாவின் கடலாண்மையை நாம் மறுக்கவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஐரோப்பாவிலிருந்து இந்தியாவிற்கு நேரே கலம் செலுத்தி வந்த முதற் பயணம் அவருடையது. அதனை அவ்வாறே எழுதுவோம். 1524இல் கொச்சியில் அவர் மறையும்வரை செய்தவற்றையும் உடன் எழுதுவோம்.

மாணவச் செல்வங்களே! தேர்வுக்கு ஒரு வரி போதும். வரலாற்றுக்கு அது போதாது.