உங்க மெடிக்கல் ரிப்போர்ட் எந்த வழியா போகுது? (த்ரெட்)

சேரப்பணஞ்சேரி, ஒரகடம் பக்கம் கம்பெனியில வேலைக்குச் சேர்றவங்களுக்கு மெடிக்கல் செக்கப் இருக்கும். ரத்தம், எக்ஸ்ரே, கண், காது. அந்த ரிப்போர்ட் லேப்ல இருந்து கம்பெனிக்கு எப்படிப் போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

ஒரு லேபுக்கு வெப்சைட் எழுதுற தம்பி எங்கிட்ட காமிச்சார். பிடிஎஃப் ரெடியானதும் பிஎச்பி கோடு தானாவே வெளி சர்வர்ல ஏத்திடுது. நல்லதுதான். ஆனா போறது சாதா எஃப்டிபில. பாஸ்வேர்டு கோடுக்குள்ளயே இருக்கு. கேட்டா, "வேலை செய்யுதுல்ல டாக்டர்!"

எஃப்டிபிய 1971ல முதல்ல எழுதினவர் ஐஐடி கான்பூர்ல படிச்ச அபய் பூஷண். (நம்ம ஆளு!) அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனா பாஸ்வேர்டு, ஃபைல் ரெண்டுமே திறந்தபடி போகும், நடுவுல ஒட்டுக் கேட்டா எல்லாம் தெரியும். 1995ல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல அப்படித்தான் பாஸ்வேர்டுகளைத் திருடினாங்க. அதுக்கப்புறம்தான் அங்க இருந்த டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். அதுமேல ஓடுறதுதான் எஸ்எஃப்டிபி.

எஸ்எஃப்டிபிக்கு மாறினாலும் ஒரு இடத்துல சறுக்குவாங்க. முதல் தடவை கனெக்ட் ஆகும்போது "இது நிஜமாவே அந்த சர்வர்தானா?"ன்னு கேக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடுற கோடுக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல. அதனால அந்தச் சோதனையையே ஆஃப் பண்ணிடுறாங்க. அப்புறம் நடுவுல எவன் சர்வர் வேஷம் போட்டு நின்னாலும் ரிப்போர்ட் அவன் கைக்குப் போகும்.

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி பையில இருக்கிற நம்பரையும் குரூப்பையும் ரெண்டு பேர் சரிபார்ப்போம். அவசரம்னு அதை விட்டா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். சர்வரோட கைரேகைய முன்கூட்டியே வாங்கிக் கோடுல வைக்கிறதும் அதே மாதிரிதான்.

மத்ததெல்லாம் சின்ன வேலை. பாஸ்வேர்டுக்குப் பதிலா கீ. அந்தக் கீ வெப்சைட் ஃபோல்டருக்கு வெளிய இருக்கணும். அந்த அக்கவுண்டுக்கு ஒரே ஒரு ஃபோல்டர்ல போட மட்டும் அனுமதி. வேற பேர்ல ஏத்தி, முழுசாப் போனப்புறம் பேர் மாத்தணும், இல்லன்னா பாதி எக்ஸ்ரேய யாராவது எடுத்துப் பார்ப்பாங்க.

"யாரு சார் இதையெல்லாம் திருடப் போறான்"னு கேப்பீங்க. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை முடக்கினாங்க. நாட்டோட பெரிய ஆஸ்பத்திரி, நாள்கணக்கா ஓ.பி. சீட்டைக் கையால எழுதுச்சு. நெட்வொர்க்கை ஒழுங்காப் பிரிச்சு வைக்கலன்னு நாடாளுமன்றத்துல அரசே சொன்னது.

எனக்குப் பெரிய கோவம் வேற. வழி எவ்வளவு பத்திரமா இருந்தாலும், அந்தப் பக்கம் ஃபைலைத் திறக்கிறது எச்ஆர். எச்ஆருக்கு எதுக்கு முழு ரிப்போர்ட்? இந்த வேலைக்குத் தகுதியா, இல்லையா, அவ்வளவு போதாதா? வேலைக்கு நிபந்தனையா எச்ஐவி டெஸ்ட் கேக்கக் கூடாதுன்னு 2017 சட்டமே சொல்லுது. சுகர், வலிப்பு, எப்பவோ குணமான டிபி? ஒரு பிடிஎஃப்னால வேலை போனா, ஒடிஷால இருந்து வந்த பையன் யாருகிட்ட போய் கேப்பான்?

நாங்களும் யோக்கியம் இல்ல. பேரோட எக்ஸ்ரேய வாட்ஸப் குரூப்ல போடுறது எங்க பழக்கம். நானும் போட்டிருக்கேன்.

தம்பி இப்ப கீ போட்டுட்டார். சர்வர் கைரேகைய கம்பெனி ஐடி ஆளுங்ககிட்ட போன்லயே கேட்டு சரிபார்த்திருக்கார். முழு ரிப்போர்ட் போறது மட்டும் நிக்கல. "கம்பெனி கேக்குது டாக்டர்"ங்கிறார்.