நட்புக்குக் கணக்கேடு எதற்கு?

அண்மையில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் பேருந்தில் ஒரு சிங்கள மாணவர் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். அறிவியல்நகர் பொறியியற் பீடத்தில் பயில்பவர். ஆனையிறவு வந்தது. அவர் பிறப்பதற்கு முன்னரே, 2000 ஏப்ரலில், இங்கிருந்த பெருந்தளம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் மீண்டும் இராணுவத்தின் கைக்குச் சென்றது. வீதியோரத்து இராணுவ நினைவுச் சின்னத்தை அவர் ஒரு விதமாகவும் நான் வேறு விதமாகவும் பார்த்திருப்போம். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பின்னர் அவர் சொன்னார்: "இரண்டு வருடமாக இங்கே படிக்கிறேன். நான் சாப்பிட்ட தமிழர் வீடு ஒன்றே ஒன்றுதான். நத்தாருக்கு ஒரு கிறிஸ்தவ நண்பன் அழைத்துப் போனான்." மதம் பற்றிப் பேசினார்களா என்று கேட்டேன். சிரித்தார். "அம்மா சோறு போட்டார், போதும் என்றாலும் விடவில்லை" என்றார்.

இதை ஊரில் இருவரிடம் சொன்னேன். ஒருவர் சைவப் பெரியவர். "அது தூண்டில், தம்பிக்கு இன்னும் விளங்கவில்லை" என்றார். மற்றவர் சபை ஊழியத்தில் ஈடுபட்டவர். "பொடியன் பிறகு ஆராதனைக்கு வந்தானா?" என்று கேட்டார்.

இருவரும் எதிரெதிர் முகாமைச் சேர்ந்தவர்கள் என எண்ணுவீர்கள். இல்லை, இருவர் கையிலும் இருப்பது ஒரே கணக்கேடு. ஒருவர் வரவு எழுதும் இடத்தில் மற்றவர் செலவு எழுதுகிறார். ஓர் ஏழைத் தாய் இட்ட சோறு இருவர் கண்ணிலும் படவில்லை.

இக்கணக்கு என்ன செய்யும் என்பதை நமது வரலாறே காட்டியிருக்கிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரி அக்காலத்து ஆசியாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்று. படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர், சபைக்குக் கிடைத்த பயன் போதாது என்று கணக்குப் பார்த்து 1855இல் அதை மூடினார்கள். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகித் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். மிஷனின் ஏட்டில் இது நட்டம். தமிழின் ஏட்டில்?

தூண்டில் என்று அஞ்சுவோர் ஆறுமுக நாவலரை நினைக்கட்டும். மெதடிஸ்த பாதிரியார் பீட்டர் பேர்சிவலின் பள்ளியிற் படித்து, அங்கேயே கற்பித்து, அவருடன் அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் நாவலர். மதம் மாறினாரா? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தன் சமயத்தை அறிந்தவனை ஒரு வேளைச் சோறு மாற்றிவிடாது.

இன்று நம் பிள்ளைகள் இலண்டனிலும் மெல்பேணிலும் படிக்கின்றனர். அந்நிய நகரில் வந்திறங்கும் பிள்ளைக்குப் போர்வையும் சமையற் பாத்திரமும் கொடுப்போரில், விடுதி வெறிச்சோடும் நத்தார் நாளில் வீட்டுக்கு அழைப்போரில், கிறிஸ்தவ மாணவர் அமைப்பினர் முன்னிற்கின்றனர். 1895இல் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த வழக்கம் அது. நம் யாழ்ப்பாணத்து டி. ரி. நைல்ஸ் அச்சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவர்களுக்கு உள்நோக்கம் உண்டா? சிலருக்கு உண்டு. அதை மறைத்து நட்புக் கொள்வது ஏமாற்று. சொல்லிவிட்டுக் கொள்வது நேர்மை. மறுத்த பின்னும் அதே கதவு திறந்திருக்குமானால் அதுவே நட்பு. ஆராதனைக்கு வராத பிள்ளையை அடுத்த நத்தாருக்கு அழைக்காதவர் நண்பரல்லர், தரகர்.

சைவ நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நிறைவேறவில்லை. அத்தகைய சட்டம் வேண்டுமென நம்மிற் சிலர் இன்றும் கேட்கின்றனர். சட்டம் கைலஞ்சத்தைத் தடுக்கலாம். தனித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு தேநீர் கொடுக்குமா? தைப்பொங்கலன்று அறிவியல்நகர் விடுதியிலிருந்து எத்தனை பிள்ளைகளை நாம் அழைத்தோம்? 2016 ஜூலையில் யாழ். பல்கலைக்கழக வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனத்தின் பேரில் மாணவர் மோதிக்கொண்டபோது அறிக்கை விட்டோம். வீட்டுக்கு அழைத்தோமா?

1924இல் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடங்கியபோது, கிறிஸ்தவரும் சைவரும் ஒரே மேடையில் இருந்தனர். தெற்கிலிருந்து சிங்களத் தலைவர்களையும் அழைத்தனர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் அவர்களே. யாரும் யாருடைய நெற்றியையும் பார்த்துக் கணக்கெழுதவில்லை.

கிளிநொச்சியில் இறங்கும்போது அந்த மாணவர் என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. அவருக்கு நான் இன்னும் உப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வரும் பொங்கலுக்கு அழைக்கப்போகிறேன்.