பெட்டாஃப்ளாப்ஸ் மட்டும் சொன்னால் போதுமா?

புது சூப்பர் கம்ப்யூட்டர் வரும்போதெல்லாம் தலைப்புச் செய்தியில் ஓர் எண்தான் இருக்கும்: இத்தனை பெட்டாஃப்ளாப்ஸ். ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் விநாடிக்கு 1,000 லட்சம் கோடி கணக்குகள். கேட்கவே பிரமிப்பா இருக்கும். ஆனால் வானிலை, பாலத்தின் உறுதி, நிலத்தடி நீர் போன்ற வேலைகளில் அந்த இயந்திரம் எவ்வளவு வேகம் என்பதை அந்த எண் சொல்லாது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உள்ள ஃபிரான்டியர், லின்பேக் என்ற சோதனையில் 2022-ல் 1,100 பெட்டாஃப்ளாப்ஸைத் தாண்டி உலகின் முதலிடத்தைப் பிடித்தது. எச்பிசிஜி என்ற இன்னொரு சோதனையில் அதே இயந்திரம் எடுத்தது சுமார் 14. ஜிபியு எனும் கிராஃபிக்ஸ் சிப்களே இல்லாத ஜப்பானின் ஃபுகாகு, லின்பேக்கில் 442தான். எச்பிசிஜியில் 16 எடுத்து ஃபிரான்டியரை முந்தியது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஓர் இடத்தின் வெப்பம் பக்கத்து இடங்களைத்தான் நேரடியாகப் பாதிக்கும். ஒரு பகுதியை 10 லட்சம் புள்ளிகளாகப் பிரித்தால், கணக்குக்கான அணியில், அதாவது மேட்ரிக்ஸில், லட்சம் கோடி கட்டங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தன்னையும் சேர்த்து 27 புள்ளிகளோடுதான் தொடர்பு என்றால், எண் உள்ள கட்டங்கள் வெறும் 2.7 கோடி. மிச்சமெல்லாம் பூஜ்ஜியம். இதைத்தான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்கிறார்கள். எச்பிசிஜி சோதிப்பது இதை. லின்பேக் சோதிப்பது எல்லாக் கட்டமும் நிரம்பிய அணியை.

நிரம்பிய அணியில், நினைவகத்திலிருந்து எடுத்த எண்ணைப் பலமுறை பயன்படுத்தலாம். ஸ்பார்ஸில் ஓர் எண்ணுக்கு 8 பைட், அது எந்த இடம் என்று குறிக்க 4 பைட். இந்த 12 பைட்டை எடுத்து வந்தால் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான்.

என்விடியாவின் ஏ100 சிப்பின் 80 ஜிபி மாடல் நினைவகத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கோடி பைட் எடுக்கும். அதை வைத்து அதிகபட்சம் 33,000 கோடி கணக்குகள் போடலாம். சிப்பின் திறனோ 9.7 லட்சம் கோடி. நூற்றுக்கு நான்குகூட தேறவில்லை! மண்டபத்தில் நூறு சமையல்காரர்கள் தயார். காய்கறி மட்டும் ஒரு கூடையா வந்தா எப்படி?

அப்போ ஜிபியு வேஸ்ட்டா?

இல்லை. சாதாரண பிராசசர்களின் நினைவகத்தைவிட இதன் நினைவகம் பல மடங்கு வேகம். அந்த வேகத்தைக் கறந்தெடுப்பது மென்பொருளின் வேலை. எண்களை ஜிபியுவிலேயே வைத்திருக்க வேண்டும், அடுக்கும் முறையை மாற்ற வேண்டும், ஜிபியுக்களுக்கு இடையிலான போக்குவரத்தைக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பிறந்த பெட்சி என்ற மென்பொருள் தொகுப்பை ஜிபியுவுக்கு ஏற்ப மாற்றவே ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

இந்தியா 2015-ல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 4,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024-ல் பரம் ருத்ரா இயந்திரங்கள் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனால் அடுத்த அறிவிப்பில் பெட்டாஃப்ளாப்ஸுக்குப் பக்கத்திலேயே எச்பிசிஜி எண்ணையும் போட வேண்டும். இயந்திரம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, அதில் ஓடும் மென்பொருளைச் செதுக்கும் ஆட்களுக்கு நிரந்தரமாக ஒதுக்க வேண்டும்.

எச்பிசிஜியை முன்மொழிந்தவர்களில் ஒருவர் ஜாக் டோங்காரா. லின்பேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவர்தான். தன் அளவுகோல் மட்டும் போதாது என்று அவரே முடிவு செய்தபிறகு, நாம் ஏன் அந்த ஒற்றை எண்ணுக்கு மட்டும் கைதட்டணும்?