செத்தவர்களும் நடந்தார்கள்

ஒரு மக்கள் கூட்டத்தை ஊரைவிட்டுக் கிளப்பும் அரசு, அதற்கென ஒரு கணக்கு எழுதும். அதில் தலைகள் இருக்கும், வண்டிகள் இருக்கும், ஏக்கர் இருக்கும். அந்தக் கணக்கில் விடுபட்டவர்களைச் சேர்த்து எண்ணுகிறது டிம் டிங்கிளின் ‘ஹவ் ஐ பிகேம் எ கோஸ்ட்’ (2013) நாவல். அமெரிக்காவின் சாக்டா பூர்வகுடியில் பிறந்த எழுத்தாளர் அவர். அவருடைய முன்னோர் நடந்த வழியின் கதை இது.

1830 மே மாதம் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்டார். செப்டம்பரில் சாக்டா மக்களோடு டான்சிங் ராபிட் கிரீக் உடன்படிக்கை. மிசிசிப்பியில் சாக்டா மக்களிடம் மிஞ்சியிருந்த சுமார் 1.1 கோடி ஏக்கர் கைமாறியது. 1831 குளிர்காலத்தில், இன்றைய ஒக்லஹோமாவை நோக்கி நடை தொடங்கியது. பனிப்புயலில், போதிய கூடாரமின்றி, வழியில் ஆர்கன்சா போஸ்ட் என்ற இடத்தில் சிக்கிக்கொண்டார்கள். குளிரும் பசியும், பின்னால் வந்த காலராவும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றன.

நாவலில் கதை சொல்பவன் பத்து வயது ஐசக். வழியிலேயே இறந்துபோகிறான், ஆனாலும் கதையை அவனே தொடர்ந்து சொல்கிறான். குளிரில் விறைத்துச் செத்த சிறுமி நிடாவும் வரிசையை விட்டுப் போவதில்லை. இந்த ஆவிகள் யாரையும் மிரட்டுவதில்லை. தம் சனங்களோடு நடக்கின்றன, ஆபத்தில் துணை நிற்கின்றன.

இது நாவலாசிரியரின் வெறும் கற்பனை உத்தி என்று நினைத்துவிடக் கூடாது. முன்னோரின் எலும்புகளைச் சுமந்துகொண்டே நெடுந்தூரம் நடந்து மிசிசிப்பியில் உள்ள நானிவாயா மேட்டை அடைந்தோம் என்பது சாக்டா மக்களின் தொன்மக் கதைகளுள் ஒன்று. அவர்களுக்கு ஊர் என்றால் இருப்பவர்களும் இறந்தவர்களும் அவர்களைத் தாங்கும் மண்ணும்தான். மிசிசிப்பியை விட்டுப் புறப்படும்முன் பெண்கள் வரிசையாகச் சென்று ஓக், எல்ம் மரங்களின் இலைகளைத் தடவி விடைபெற்றதாக ஒரு பதிவு உண்டு. உறவினரிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவதைப் போன்ற கடமை அது. அதைக் காட்டுவாசிகளின் இயற்கைக் காதல் என்று சுருக்குவது அநியாயம். மக்காச்சோளம் விளைவித்து, மாடும் குதிரையும் வளர்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய விவசாயிகள் அவர்கள்.

உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, போக மறுக்கும் குடும்பத் தலைவருக்கு 640 ஏக்கர் என்றது. அந்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அரசின் முகவர் வில்லியம் வார்டு பெரும்பாலோரின் பெயரைப் பதியவே மறுத்தார். பதிந்திருந்தாலும் கிடைத்திருப்பது ஆளுக்கொரு துண்டு நிலம்தான். எல்லோருக்கும் பொதுவான மண்ணைப் பட்டாவாக மட்டுமே பார்க்கத் தெரிந்த சட்டம் அது. ஆவிகள் உயிருள்ளவர்களோடு சேர்ந்து நடக்கும் இந்தக் கதை அந்தப் பார்வையை அடியோடு மறுக்கிறது.

மிசிசிப்பியிலேயே தங்கிவிட்டவர்களின் சந்ததிக்கு நானிவாயா மேடு 2008இல்தான் திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் ஆனபின்னும் அவர்கள் கேட்டது அந்த மேட்டைத்தான். வேறெந்த நிலமும் அதற்கு ஈடாகாது.

சிறுவர் நூல் என்று ஒதுக்காமல் இந்நாவலைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த நாட்டில் எந்தத் திட்டத்துக்காக ஓர் ஊரைக் காலி செய்யச் சொன்னாலும், “ஊர் என்பதில் யாரையெல்லாம் சேர்த்து எண்ணினீர்கள்?” என்று கேட்கும் துணிவை இந்நாவல் தரும்.