கடற்காற்றே, எங்கே போனாய்?

கோடை பிறந்ததும் பிறக்காததுமாக, "கடலோரத்தில் வெப்ப அலை, 37 டிகிரிக்கு மேல் போகலாம்" என்று வானிலை இலாகா எச்சரித்தால் வேலூர்க்காரர் சிரிப்பார். அவருக்கு 40ஐத் தொட்டால்தானே அந்தப் பெயர்!

சிரிக்காதீர்கள், ஸார். கடலோரத்தில் வியர்வை கொட்டும். ஆனால் லேசில் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. மேற்கேயிருந்து தரைக்காற்று பலமாக வீசினால், சென்னையைக் காப்பாற்றும் கடற்காற்றும் நேரம் கழித்துத்தான் உள்ளே நுழையும். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி! 2015 மே மாதத்து வெயிலில் ஆந்திராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோடைத் தொடக்கத்திலோ உடம்பு வெயிலுக்குப் பழகியும் இருக்காது.

மத்தியானம் கீரைக்கார அம்மாள் வாசலில் கூடையை இறக்கினால், பேரம் அப்புறம் இருக்கட்டும். முதலில் நீர்மோர் கொடுங்கள். அடுப்படியில் வேகும் உங்கள் மனைவி குடித்தாளா என்றும் கேளுங்கள், ஸார்!